பாறையில் இடம் கிடைக்காத 2

1

ஒரு சிறப்பு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: 'மலையகத்தில் தொலைபேசி இலக்கங்கள், அன்றும் இன்றும்.' தகவல் இருக்க வேண்டும், கதை விடக் கூடாது என்று மலர்க்குழுச் செயலாளர் அழுத்திச் சொன்னார். என்னைப் பற்றி யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். நானும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

முதல் தொடக்கம்: 'ஹட்டன் பகுதிக்குக் குறியீடு 051. நுவரெலியாப் பகுதிக்கு 052. இவ்விரு பகுதிகளுக்கும் இடையில் மலை ஒன்று நின்றாலும்'

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே மனம் வரவில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'தொண்ணூறுகளில் தேயிலைத் தோட்டத்து மக்களுக்குத் தொலைபேசி என்பது எட்டாத'

கனி என்று எழுதப் போனேன். வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: 'இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு வாக்கில் இலக்கங்கள் எல்லாம் நீண்டபோது, நோர்வூட்டில் ஒருவர் வெள்ளை பெயின்ட் டின்னைத் தூக்கிக்கொண்டு பாறை பாறையாக அலைந்தார்.'

இதை எழுதியதும் கட்டுரை கைவிட்டுப் போயிற்று. அப்படி ஒருவரை நான் கண்டதில்லை, யாரும் சொல்லிக் கேட்டதும் இல்லை. வாக்கியம்தான் முதலில் வந்தது, ஆள் அதற்குப் பின்னால் வந்தார். ஆனால் அவர் எதற்காகப் பாறையில் ஏறினார் என்று தெரிந்துகொள்ளாமல் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

2

பெயர் வீரய்யா. வயது முப்பத்தெட்டு. (முதலில் ஐம்பது வைத்திருந்தேன். ஐம்பது வயதுக்காரரைப் பாறையில் ஏற்றி, அவர் விழுந்து கிழுந்து வைத்தால் யார் பார்ப்பது?) நோர்வூட் டவுனில் 'வீரய்யா சவுண்ட் சேர்விஸ்' அவருடையது. தோட்டத்துத் திருவிழா, கல்யாணம், சடங்கு, தேர்தல் கூட்டம், எதுவானாலும் ஸ்பீக்கர் கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். மைக்கைப் பிடித்தால் வீரய்யாவுக்குக் கூச்சமே கிடையாது. அன்னதானம் எந்தப் பக்கம், காணாமல் போன பிள்ளை எந்தச் சட்டை போட்டிருந்தது என்பதையெல்லாம் மலை அதிர அறிவிப்பார். மைக்கைக் கீழே வைத்துவிட்டால் வேறு ஆள். ஆண்களிடம் அளந்து பேசுவார், பெண்களிடம் அதுவும் இல்லை.

தொண்ணூற்று நாலில் அவர் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. வந்த சந்தோஷத்தில் அந்த இலக்கத்தை ஊரெல்லாம் எழுதி வைத்தார். நோட்டீஸ் ஒட்டினால் மழையில் கரைந்துவிடும், பாறை கரையாது. ரோட்டோரம் வாட்டமான பாறை ஒன்று கண்ணில் பட்டால் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுவார். 'சவுண்ட் சேர்விஸ்' என்று சின்னதாகவும், கீழே இலக்கத்தை ஆட்டுக்குட்டி உயரத்துக்கும் எழுதிவிட்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்.

[பாறையில் எழுதுவது சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். அது வேறு கட்டுரை.]

இதில் ஒரு பிழை செய்தார். ஹட்டன் பக்கம் எழுதிய பழக்கத்தில், கந்தப்பளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அங்கேயும் ஒரு பாறையில் அதே இலக்கத்தை அப்படியே எழுதிவிட்டார். முன்னால் 051 போடவில்லை. கந்தப்பளை 052. அங்கே இருக்கிற ஒருவர் அந்த இலக்கத்தை மட்டும் அழுத்தினால் அழைப்பு நோர்வூட்டுக்கு வராது. கந்தப்பளையிலேயே அதே இலக்கம் உள்ள இன்னொரு வீட்டில் மணி அடிக்கும்.

அது யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்த குணரத்தினம் மாஸ்டரின் வீடு.

3

"ஹலோ, வீரய்யாவோ?"

"ஆமாங்க, சவுண்ட் சேர்விஸ். யாருங்க?"

"நான் கந்தப்பளையிலையிருந்து குணரத்தினம் கதைக்கிறன். வாத்தியார். தம்பி, உங்கட பாறையாலை எனக்குப் பெரிய கரைச்சல்."

பாறை உருண்டு யார் வீட்டிலோ விழுந்துவிட்டது என்று வீரய்யா நினைத்தார்.

"ஐயோ, யாருக்கும் அடி கிடி படலீங்களே?"

"அடியில்லை, ஓடர். உங்களுக்கு வாற ஓடரெல்லாம் என்ரை வீட்டை வருது. முதல்லை பிழையான நம்பர் எண்டு வைச்சுப்போட்டன். பிறகு பாவமாக் கிடந்தது. இப்ப ரெண்டு திருவிழாவும் ஒரு கலியாணமும் எடுத்து வைச்சிருக்கிறன். ஒருத்தர் ரேட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்டவர். ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

"சார்... எப்படிங்க சார் என்னைய கண்டுபுடிச்சீங்க?"

"அதே நம்பருக்கு முன்னாலை 051 போட்டு அடிச்சன், நீங்கள் வந்தியள். அந்த 051ஐப் பாறையிலையும் ஒருக்கா வந்து போட்டுவிடுங்கோ. என்ரை மனுசி, நான் ரகசியமா ஸ்பீக்கர் வியாபாரம் செய்யிறன் எண்டு நினைக்கிறா."

வீரய்யா அடுத்த நாளே போய் எழுதினார். கந்தப்பளைப் பாறை அகலமானது, முன்னால் இடம் இருந்தது. மாஸ்டர் பக்கத்தில் குடையோடு நின்று, சைபர் சரியுது என்று திருத்தினார். வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறும் போட்டார்.

(குணரத்தினம் மாஸ்டருக்கு இந்தக் கதையில் இதற்கு மேல் வேலை இல்லை. அவரை அனுப்பத்தான் எனக்கு மனமில்லை. இரண்டு நாள் அவரை வைத்தே எழுதிப் பார்த்தேன். கதை கந்தப்பளையை விட்டு நகர மறுத்தது.)

4

பிறகு அந்த ஆண்டு வந்தது. நாடு முழுவதும் இலக்கங்களை ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்தார்கள். பழைய இலக்கங்களுக்கு முன்னால் ஒட்டு விழுந்தது. வீரய்யாவுக்கு விழுந்தது ஒரு 2.

(குறிப்பு: ஒட்டு விழுந்த விதம் ஊருக்கு ஊர் வித்தியாசம். தகவல் வேண்டுபவர்கள் பழைய டிரெக்டரியைத் தேடிப் பார்க்கலாம். என் கதைக்கு ஒரு 2 போதும்.)

ஆனி மாதம். ஆடித் திருவிழா ஓடர்கள் வந்து குவிய வேண்டிய நேரத்தில் தொலைபேசி சும்மா கிடந்தது. வீரய்யா, காசு கொடுத்தால் போன் பேச விடுகிற பக்கத்துக் கொமியூனிகேஷன் கடைக்குப் போய், தன்னுடைய பழைய இலக்கத்தைத் தானே அழுத்தினார். ஒரு பெண் குரல் சிங்களத்தில் ஏதோ சொன்னது. பிறகு தமிழில், இந்த இலக்கம் மாற்றப்பட்டுவிட்டது என்றது. அதன் பிறகு ஆங்கிலம். வீரய்யா கடைசி வரைக்கும் கேட்டார்.

"என்னா சுத்தமான குரலு! இந்த அம்மா நம்ம மைக்குல பேசினா எப்படி இருக்கும்!" என்று கடைக்காரரிடம் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. பாறையைப் பார்த்துவிட்டு எடுக்கிறவர்கள் எல்லாரும் இந்த அம்மாவின் பேச்சைக் கேட்டுவிட்டு, வேறு ஸ்பீக்கர்காரரைத் தேடிப் போகிறார்கள்.

உடனே டின்னும் பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிட்டார். பொகவந்தலாவை ரோட்டில் ஒரு பாறை, மஸ்கெலியா ரோட்டில் ஒரு பாறை, ஆற்றோரம் ஒன்று. ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு 2 ஏறியது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மேலேயிருந்து கத்தினார்கள்.

"என்னங்க வீரய்யா, போனுக்கு வாலு மொளைச்சிருச்சா?"

"வாலு இல்லீங்க, தலை!"

இதைச் சொன்னவர் வீரய்யாதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பெண்களிடம் பேசமாட்டார் என்று மேலே எழுதியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், அவர்கள் தூரத்தில் நின்றார்கள், இவர் கத்த வேண்டியிருந்தது. கத்துவது என்றால் அவருக்குக் கூச்சம் இல்லை. ஆகவே இருக்கட்டும்.

5

கடைசியாக, நோர்வூட்டுக்கு முன்னால் இருக்கிற வளைவு.

ஹட்டனிலிருந்து வருகிற எந்த பஸ்ஸும் அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பஸ்ஸில் இருக்கிற எல்லாரும் அந்தப் பாறையைப் பார்த்தே ஆக வேண்டும். அதனால் தொண்ணூற்று நாலில் வீரய்யாவுக்குப் பேராசை பிடித்துவிட்டது. இடது ஓரம் தொடங்கி வலது ஓரம் வரை, ஒரு விரல் இடம் மிச்சம் வைக்காமல் எழுதியிருந்தார். இரண்டு வருடம் கழித்துப் பாறையின் இடது பக்கத்தில், அதோடு ஒட்டினாற்போல, ஒரு தேத்தண்ணிக் கடை வந்தது.

கடை மீனம்மாவுடையது. பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கொழுந்துக் கூடை மட்டும் தூக்கமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று கடை போட்டவர். இப்போது முப்பத்து மூன்று வயது. ரொட்டி, வடை, பிளேன்டீ எல்லாம் நன்றாக இருக்கும். வாய் கொஞ்சம் நீளம்.

(முதல் பிரதியில் மீனம்மாவை விதவையாக்கி, ஒரு மகனையும் கொடுத்து, இருமலும் கொடுத்திருந்தேன். மலையகக் கதை என்றால் கண்ணீர் வேண்டுமே என்ற பழக்கதோஷம். திரும்பப் படித்தபோது அந்தப் பெண் மீனம்மாவாக இல்லை. இருமலையும் மகனையும் எடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.)

கடையும் பாறையும் ஒட்டி நின்றதில் ஒரு கோளாறு. பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே கடை. பாறையில் சவுண்ட் சேர்விஸ், பக்கத்துக் கதவில் ஒரு பெண், அப்படியென்றால் அது சவுண்ட்காரரின் பெண்சாதி. இப்படி முடிவு கட்டிக்கொண்டு இறங்கி வந்து கேட்பார்கள்.

"அக்கா, அண்ணன் இருக்காரா? திருவிழாவுக்கு ஸ்பீக்கர் சொல்லணும்."

"அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. டவுன்ல போய்க் கேளுங்க!"

அடுத்த பஸ்ஸில் இன்னொருவர் வருவார். கடைசியில் ஊரே அவருக்குச் சவுண்ட் அக்கா என்று பெயர் வைத்துவிட்டது.

வீரய்யா அந்தக் கடை வந்த நாளிலிருந்து அங்கே தேத்தண்ணி குடிக்கிறார். சீனி கூட என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வராது. போட்டுக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, வளைவு திரும்பும்வரை தலையைத் திருப்பாமல் போவார். அவருக்கு மீனம்மாவைப் பிடிக்கும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், ரொம்பப் பிடிக்கும்.

6

பெயின்ட் டின்னோடு வாசலில் வந்து நின்ற வீரய்யாவை மீனம்மா மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க, கடைக்கு பெயின்ட் அடிச்சுக் குடுக்கப் போறீங்களா?"

"இல்லங்க... வந்து... ஒரு ரெண்டு எழுதணும்."

"என்னா ரெண்டு?"

"நம்பரு மாறிருச்சுங்க. முன்னால ஒரு ரெண்டு போடணும். பாறையில எடமில்லங்க."

"எடமில்லாட்டி?"

வீரய்யா பிரஷ்ஷால் காட்டினார். கடையின் கதவுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்குச் சுவர் இருந்தது. ஒரு 2 தாராளமாக நிற்கும்.

மீனம்மா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பாறையில இருக்கிறப்பவே என்னைய ஒங்க பொண்டாட்டிங்கிறாங்க. இப்ப எஞ் செவத்துலயும் எழுதிட்டா, பத்திரிகை அடிச்சு ஊருக்குக் குடுத்த மாதிரிதான். நல்லாருக்குங்க ஒங்க ஞாயம்!"

"தப்பா நெனைச்சுக்காதீங்க..."

"பாறைய மொத்தமா கருப்படிச்சிட்டு, எழுத்தச் சின்னதாக்கிப் புதுசா எழுதலாமில்ல? அத விட்டுட்டு எதுக்கு எஞ் செவரு?"

இந்தக் கேள்வியை நீங்களும் எப்போதோ கேட்டிருப்பீர்கள். கறுப்பு பெயின்ட் ஒரு டின் போதும், அரைநாள் வேலை. வீரய்யாவுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் அவர் வெள்ளை பெயின்டோடு அந்த வாசலுக்கு வந்தார். கதை எழுதுகிற எனக்கே இது இந்த இடத்தில்தான் விளங்கியது.

மைக் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. இல்லாததால் கால் விரலைப் பார்த்துச் சொன்னார்.

"அத நான் யோசிக்காம இல்லங்க."

மீனம்மா அவரைப் பார்த்தார். தேவைக்கு அதிகமாகவே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செவரு பாசி புடிச்சிக் கெடக்கு. இதுல எழுதினா ஒட்டாது. நீலங் கலந்து சுண்ணாம்பு அடிக்கணும். அடிச்சு, காஞ்சதும் வாங்க."

"வந்து எழுதலாமுங்களா?"

"காயட்டும்னுதானே சொன்னேன். எழுதலாம்னா சொன்னேன்?"

7

அன்றைக்கே மீனம்மா நீலச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். அன்றைக்கே மழையும்

[மழையைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதி எடுத்துவிட்டேன். மழை பெய்தது. நோர்வூட்டில் ஆனி மாதத்தில் வேறு என்ன பெய்யும்?]

ஈரம் ஊறி, சுவர் காய மறுத்தது. வீரய்யா தினமும் காலையில் வருவார். சுவரை ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பார். விரல் நீலமாகும். உள்ளே போய்த் தேத்தண்ணி குடிப்பார். ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது, பாறையைப் பார்த்துப் பழைய இலக்கத்துக்கு எடுத்தவர்கள் ஹட்டனில் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

"டின்னயும் பிரஷ்ஷயும் எதுக்குங்க தெனமும் தூக்கிக்கிட்டு அலையிறீங்க? இங்கயே வச்சிட்டுப் போங்க," என்றார் மீனம்மா ஒருநாள். வீரய்யா வைத்துவிட்டுப் போனார்.

இன்னொரு நாள் கடையில் வேறு யாரும் இல்லை.

"மூணு எடத்துல இருந்து என்னையப் பொண்ணு பாக்க வந்தாங்க, தெரியுமா ஒங்களுக்கு? மூணு பேரும் பஸ்ஸ விட்டு எறங்குனாங்க, பாறையப் படிச்சாங்க, அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிட்டாங்க."

வீரய்யா கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே வந்து அழிச்சிருப்பேனே!"

"ஒங்கள எதுக்கு வரச் சொல்லணும்? நானே அழிச்சிருக்கலாம். ஒரு டப்பா தாரு போதும்."

"அழிக்கலியே நீங்க."

"அழிக்கல," என்றார் மீனம்மா. திரும்பி, ஏற்கெனவே நிரம்பியிருந்த கேத்தலில் இன்னும் தண்ணீர் ஊற்றினார். அது வழிந்து அடுப்பை அணைத்தது.

[இங்கே விளக்கமாக ஆறு வரி இருந்தது. உங்களுக்கு வேண்டியிராது.]

அன்று வீரய்யா பஸ்ஸுக்கு நிற்கவில்லை. குடையை விரிக்க மறந்து, டவுன் வரைக்கும் நனைந்துகொண்டே நடந்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் நனைந்ததை நான் இதுவரை எழுதியதில்லை.

8

இனி முடிவு. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. மீனம்மா கடைசியில் மறுத்துவிடுகிறார், வீரய்யா பாறைக்குக் கறுப்படிக்கிறார். நேர்த்தியான சோகம், பரிசுகூடக் கிடைக்கலாம். எழுதிவிட்டு இரவு படுத்தால் தூக்கம் வரவில்லை. இரண்டு பேரும் என்ன பாவம் செய்தார்கள்? கிழித்துவிட்டேன்.

இரண்டு. வீரய்யா எதிர் மலையில் நாலு ஸ்பீக்கரைக் கட்டி, மீனம்மா என்று உரக்கக் கூப்பிட்டு, மனதில் உள்ளதையெல்லாம் தோட்டம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிடுகிறார். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மீனம்மா இதைக் கேட்டால் கடையைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். ஏழெட்டு வருடமாக ஊர் வாயில் விழுந்து எழுந்த பெண்ணை இன்னொரு தடவை ஊருக்கு அறிவிப்பது அன்பா?

மூன்று. சுவர் காயவே இல்லை. இப்படி முடித்தால் பூடகமாக இருக்கும், பல பேர் தலையாட்டுவார்கள். சோம்பேறித்தனம்.

ஆகவே வெயிலை வரவழைத்தேன்.

9

வெயில் வந்த அன்றைக்கு வீரய்யா ஊரில் இல்லை. பொல்பிட்டியப் பக்கம் ஒரு கோயிலில் முதல் ஆடித் திருவிழா. இரண்டு நாள் வேலை. மீனம்மாவிடம் சொல்லிவிட்டுப் போக நினைத்து, என்ன உரிமையில் சொல்வது என்று தெரியாமல், சொல்லாமலே போய்விட்டார். அங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்திலும் அவருக்கு நினைப்பெல்லாம் ஒரு முழச் சுவர்தான். காய்ந்திருக்கும், இவ்வளவு நேரத்துக்குள் காய்ந்தே இருக்கும்.

மூன்றாம் நாள் சாமான்களை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பழுதாய்ப் போன ஒரு குழாய் ஸ்பீக்கரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஜன்னல் ஓரம் கிடைத்தது. வளைவில் பஸ் மெதுவாகியது. பாறை வந்தது. பழக்கத்தில் பாறையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

சுவரில் ஒரு 2 இருந்தது.

அது அவருடைய கையெழுத்து இல்லை. வயிறு பருத்து, வால் சுழித்து, ஒரு பக்கம் சாய்ந்து, மற்ற இலக்கங்களைவிட அரைச் சாண் உயரமாக இருந்தது. பெயின்ட் இரண்டு இடத்தில் ஒழுகியிருந்தது. கடைக்குள்ளிருந்து பிரஷ்ஷை எடுத்து வந்து, பட்டப்பகலில், ஹட்டன் பஸ்ஸும் பொகவந்தலாவை பஸ்ஸும் போக வர, ஒருத்தி தன் சுவரில் தானே எழுதிய 2.

"எறக்கம்! எறக்கம்! நிப்பாட்டுங்க!"

வளைவில் நிறுத்த முடியாது என்றார் கண்டக்டர். வீரய்யா கெஞ்சினார். பஸ்ஸில் இருந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், வீரய்யாவைப் பார்த்தார்கள். பின் சீட்டில் யாரோ கை தட்டினார். அடுத்த பஸ் தரிப்பில் வீரய்யா குதித்து, ஸ்பீக்கரைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடினார். முப்பத்தெட்டு வயதில் நன்றாகத்தான் ஓடுகிறார்.

மீனம்மா வாசலில் நின்றார். விரல் நகத்தில் இன்னும் வெள்ளை இருந்தது. மூச்சு வாங்க ஓடி வருகிற மனிதரைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் பேச வேண்டும் என்று காத்திருந்தார்.

வீரய்யா வந்து நின்றார். ஸ்பீக்கரைத் தரையில் வைத்தார். வாயைத் திறந்தார்.

இங்கே ஒரு வாக்கியம் வேண்டும். 'ரெண்டு நல்லாருக்குங்க' என்று எழுதினேன். போதாது. 'எங்க வீட்டுல இருந்து பொண்ணு கேட்டு எப்ப வரட்டும்' என்று எழுதினேன், அதற்குள் என்ன அவசரம். 'மீனம்மா' என்று மட்டும் எழுதினேன். அது கொஞ்சம் நெருங்கி வந்தது, ஆனாலும் அவர் வாயில் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவர் வாய் திறந்தபடி நிற்கிறது, மீனம்மா காத்துக்கொண்டிருக்கிறார், அடுத்த பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் சொல்லிவிடுங்கள். சத்தமாக வேண்டாம். மீனம்மாவுக்குக் கேட்டால் போதும்.